ரசிகருக்கும் ஒரு ரசிகர்

கடிதத்தின் மேல் மூலையில் ‘குற்றாலம்’ என்று ஊர்ப்பெயர் இருந்தாலே போதும், பிரிக்கிறவருக்கு ஆனி மாதத்துக் காற்று முகத்தில் அடித்திருக்கும். உறைக்குள்ளிருந்து என்ன வரப்போகிறது என்பது அப்புறம். முதலில் ஊர் வந்துவிடுகிறது.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் கடிதங்களைத்தான் சொல்கிறேன். தென்காசிக்காரர். வக்கீலுக்குப் படித்தவர், சட்ட மேலவையில் இருந்தவர், பிறகு இந்து அறநிலைய வாரியத்தில் ஆணையராக இருந்தவர். இந்த உத்தியோக வரிசையை இன்றைக்கு யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, வைத்திருக்க அவசியமும் இல்லை. அதெல்லாம் முடிந்து குற்றாலத்தில் வந்து உட்கார்ந்து, கம்பனைப் படித்துக்கொண்டும், வந்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டும், கடிதம் எழுதிக்கொண்டும் இருந்தாரே, அந்த மனிதரைத்தான் தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கிறது. ராஜாஜி அவரைத் தேடி வந்தார், கல்கி வந்தார். அவர்கள் வந்தது செய்தி. பெயர் தெரியாத ஒரு வாலிபன் எங்கிருந்தோ ஒரு கடிதம் போட்டுவிட்டு, பதில் வரும் என்ற நினைப்பே இல்லாமல் இருக்கும்போது, குற்றாலம் முத்திரை குத்திய உறை ஒன்று அவன் வீட்டுக்கு வந்து சேர்வது எந்தப் பத்திரிகையிலும் வராது. எனக்கு அதில்தான் ருசி.

பெரிய மனிதர்களிடமிருந்து பதில் வருவது அதிசயம் ஒன்றும் இல்லை. தங்கள் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி, தங்கள் முயற்சிகள் வெல்க என்று மூன்று வரியும் கீழே ஒரு கையெழுத்துமாக எத்தனையோ வந்திருக்கின்றன. பையனும் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் செய்வான். ஆனால் அந்த மூன்று வரியை அடுத்த தெருப் பையனின் விலாசத்துக்கு அனுப்பியிருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. விலாசத்தை மாற்ற முடியாத பதில் என்று ஒன்று உண்டு. அனுப்பியவன் தன் கடிதத்தில் எந்த இடத்தில் தயங்கினான், எந்த இடத்தில் பெரிய வார்த்தை போட்டுத் தன்னை மறைத்துக்கொண்டான், எந்த ஒரு வரியில் மட்டும் தன்னை அறியாமல் உண்மையாக இருந்தான் என்று பார்த்து, அந்த ஒரு வரிக்கு எழுதப்பட்ட பதில் அது. டி.கே.சி.யின் கடிதங்கள் அந்த ஜாதி.

இந்தப் பழக்கம் அவருக்குக் கடிதத்திலிருந்து வந்ததல்ல, பாட்டிலிருந்து வந்தது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டு முற்றம் வட்டமான தொட்டி அமைப்பு. ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்களில் அங்கே கூடிய கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. தலைவர், வரவேற்புரை, நன்றியுரை எதுவும் கிடையாது. ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். சொல்வார். நிறுத்துவார். திரும்பவும் சொல்வார். இரண்டாவது தடவை வேறொரு சொல்லில் நிற்பார். கேட்கிறவனுக்கு அந்தச் சொல் அங்கே இருந்ததே அப்போதுதான் தெரியும். மூன்றாம் தடவை பாட்டு அவன் வசமாகியிருக்கும். உரை என்று தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்காது.

கம்பன் பாட்டை அவர் அச்சில் கொடுத்த விதத்தைப் பார்த்தாலும் இது தெரியும். நாலடியையும் நெருக்கி நிறுத்தாமல், எங்கே மூச்சு நிற்கிறதோ, எங்கே பாவம் திரும்புகிறதோ அங்கே வரியை ஒடித்துவிடுவார். பக்கத்தில் வெள்ளை இடம் நிறைய இருக்கும். அந்த வெள்ளை இடத்தில்தான் வாசகன் நின்று பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. பண்டிதர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர் பாட்டுகளைத் தள்ளியதும், பாடங்களைத் திருத்தியதும் இன்னும் பிடிக்கவில்லை. அந்தச் சண்டையில் பண்டிதர்கள் பக்கமும் நியாயம் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். பதிப்பாசிரியருக்கு இருக்க வேண்டிய கை நடுக்கம் அவருக்கு இல்லை. ஆனால் கடிதம் எழுதுகிறவனுக்கு அந்த நடுக்கம் இல்லாமலிருப்பதே அழகு. மனதில் பட்டதைப் பட்டபடி சொல்லிவிடுகிற தைரியம் ஏட்டுப் பதிப்பில் குறையாகப் போனாலும், உறைக்குள் வைத்து அனுப்பும்போது வரமாகிவிடுகிறது.

அவர் கடிதத்தின் நடை பேச்சு நடை. பேச்சு என்றால் கொச்சை என்று பொருளில்லை. எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைவு எந்த வாக்கியத்திலும் மறந்துபோகாத நடை. சீசன் எப்படி இருக்கிறது, அருவியில் எவ்வளவு தண்ணீர், மேகம் மலையை எவ்வளவு மறைத்திருக்கிறது என்ற சமாசாரம் நடுவே வரும். அவசரக்காரர்கள் இதை ஊர்க்கதை என்று தாண்டிப் போய்விடலாம். கொஞ்சம் நின்றால் அதற்குள் ஒரு மரியாதை இருப்பது தெரியும். செங்கோட்டைப் பக்கத்துக் கணவாய் வழியாகக் கேரளத்து மழைக்காற்று நுழைந்து, இந்தப் பக்கம் வரும்போது மழையாகவும் இல்லாமல் பனியாகவும் இல்லாமல் தூவிக்கொண்டே இருப்பதுதான் சாரல். அது நேரில் வந்து நிற்கிறவனுக்கு மட்டும் கிடைப்பது. கடிதத்தில் அதை எழுதுகிறவர், நீ இப்போது இங்கே என் பக்கத்தில் நிற்கிறாய் என்று சொல்லாமல் சொல்கிறார். விருந்தாளியை முதலில் திண்ணையில் உட்காரவைத்து, காற்று வாங்கவைத்து, பிறகுதான் பேச்சை எடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கடிதமும் அதே வரிசையில் போகிறது.

இந்த உறை கரிசல் காட்டுக்குப் போய்ச் சேர்வதை நினைத்துப் பார்க்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். ஆடி மாதம். புழுதியில் தபால்காரர் வருகிறார். வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன ஊரில் ஒரு பையன் உறையைக் கிழித்து, பேரருவி கரை புரள்கிறது என்ற சமாசாரத்தைப் படிக்கிறான். அவனுக்கு வந்திருப்பது இலக்கியக் கடிதம்தானா?

அந்தக் கரிசலிலிருந்து ரசிகமணியைத் தேடிக் குற்றாலத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் ஒரே தெருக்காரர்கள் மாதிரி, ஒரே ஊர்க்காரர்கள்: இடைசெவல் கு. அழகிரிசாமி, இடைசெவல் கி. ராஜநாராயணன். மழைக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன், அங்கேயும் மழையையே வேடிக்கை பார்த்தவன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர் கி.ரா. அப்படிப்பட்டவர் வந்து சேர்ந்த ஊர் குற்றாலமாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. அழகிரிசாமிக்குக் கம்பன் மீது இருந்த பித்தில் டி.கே.சி.யின் கைவண்ணம் உண்டு என்பது அவரை வாசித்தவர்களுக்குத் தெரியும்.

அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னையில் பத்திரிகை வேலை பார்க்கும் ஒருவர். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு அவர்தான் நாயகர். புத்தகம் கொண்டுவருகிறவர், தங்களோடு சமமாக விளையாடுகிறவர். புது வருஷ டைரிகளை அவர் பிரியமான குழந்தைகளுக்குக் கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கொடுக்கவில்லை. வேண்டுமென்று விட்டதல்ல, அவர் கண்ணில் அவன் படவில்லை, அவ்வளவுதான். அந்தப் பையன் அவரை வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், பலகாரம் கொடுத்து உபசரித்துவிட்டு, தானே வைத்திருந்த ஒரு டைரியை நீட்டி, இதில் என் பெயரைப் போட்டு, அன்பளிப்பு என்று எழுதிக் கொடுங்கள் என்கிறான்.

கதை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. நிற்கிற இடத்தின் நயத்தைப் பாருங்கள். பையனிடம் டைரி இருக்கிறது. பொருள் அவனுக்குக் குறைவில்லை. அந்தக் கையால், அந்தப் பேனாவால், தன் பெயர் ஒரு தடவை எழுதப்பட வேண்டும் என்பதுதான் அவன் தவம். எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குகிற அன்பளிப்பில் என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் கேட்பார்கள். சாரங்கனுக்கு அந்தக் கேள்வி எழவில்லை. எழவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. கேட்காமலே பதில் எழுதுகிற ஒரு பெரியவரின் நிழலில் வளர்ந்த எழுத்தாளருக்குத்தான், கேட்டும் முழுசாகக் கிடைக்காத இந்தக் குழந்தையின் தாகம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. இது என் ஊகம்தான். இந்தக் கதையின் பெயரைத் தாங்கிய தொகுப்புக்குத்தான் 1970-இல் சாகித்திய அக்காதெமி விருது வந்தது. வந்தபோது அழகிரிசாமி இல்லை. ஜூலையிலேயே போய்விட்டார். நண்பர் தமக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. பிற்பாடு புத்தகமாக்கினார்.

வட்டத்தொட்டியில் உட்கார்ந்து எழுந்தவர்களில் எஸ். மகராஜன் ஒருவர். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தவர், ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். ரசிகமணியின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்ட புண்ணியமும் அவருக்கு உண்டு. தீர்ப்பு எழுதிப் பழகியவர் ஹாம்லெட்டைத் தொடும்போது வாக்கியம் காதில் எப்படி விழும் என்று பார்க்கிற கவனத்தை எங்கிருந்து பெற்றிருப்பார் என்று கேட்டால், நான் அந்தக் கடிதக் கட்டைத்தான் காட்டுவேன்.

நாயகர் பதில் எழுதுவது ஒரு படி. ரசிகனைத் தாமும் ரசிப்பது அதற்கும் மேலே ஒரு படி. உலகத்தில் இது அபூர்வமாகத்தான் நடந்திருக்கிறது. 1902-இல் ஆஸ்திரிய ராணுவப் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருந்த இருபது வயதுகூட ஆகாத காப்புஸ் என்ற மாணவன், ரில்கே என்ற கவிஞருக்குத் தன் கவிதைகளை அனுப்பிவைத்தான். ரில்கேயும் சிறுவயதில் அதே மாதிரி ராணுவப் பள்ளியில் அவஸ்தைப்பட்டவர். பல வாரம் கழித்து, நீல முத்திரை வைத்து, பாரிஸ் தபால் குறியோடு ஒரு கனத்த உறை வந்தது. அதற்குப் பின் வந்த கடிதங்கள் உலகப் புகழ் பெற்றுவிட்டன, எல்லாரும் அவற்றின் உபதேசங்களை எடுத்து எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அந்த உபதேசங்களைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1904 மே மாதத்தில் ரில்கே செய்த ஒரு சின்னக் காரியம். காப்புஸ் அனுப்பியிருந்த ஒரு கவிதையைத் தம் கையால் அழகாக நகல் எடுத்து, அவனுக்கே திருப்பி அனுப்பினார். தன் பாட்டை இன்னொருவர் கையெழுத்தில் பார்த்தால்தான் அது எப்படி இருக்கிறதென்று தெரியும் என்பது அவர் எண்ணம். பாராட்டு என்று ஒரு வார்த்தை அதற்கு மேல் தேவையா? வரி வரியாக அந்தக் கை அந்தப் பையனின் சொற்களின் மேல் நடந்திருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு இணையாக ஒன்றுண்டு. டாக்காவில் ஆசிரியராக இருந்த சத்யேந்திர நாத் போஸ், ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை மேகநாத் சாகாவோடு சேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 1924 ஜூனில் தம் கட்டுரை ஒன்றை ஐன்ஸ்டைனுக்கே அனுப்பினார். ஜூலையில் ஒரு தபால் கார்டு வந்தது. ஐன்ஸ்டைன் அந்தக் கட்டுரையைத் தாமே ஜெர்மனில் பெயர்த்து அச்சேற்றவும் செய்தார். சீடன் குருவைப் பெயர்க்க, குரு சீடனைப் பெயர்க்க, கணக்கு நேராகிவிட்டது.

டி.கே.சி.யின் வாழ்க்கையில் இந்தக் குணம் மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளான ஒரு சமயம் உண்டு. மகன் தீத்தாரப்பன் காலமான சமயம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நாஞ்சில் நாட்டிலிருந்து ஓர் இரங்கல் பாட்டு எழுதி அனுப்பினார். கவிமணியின் பாட்டை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் டி.கே.சி.க்கு முதல் வரிசையில் இடம் உண்டு. இப்போது கவிஞரின் பாட்டு ரசிகரின் சொந்தத் துக்கத்துக்கு வந்திருக்கிறது. அவர் என்ன செய்தார் என்று அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஆச்சரியத்தோடு சொல்லியிருக்கிறார்கள்: அந்தத் துக்கத்திலும் பாட்டைப் பிறருக்குச் சொல்லிக் காட்டி, அதன் நயத்தில் உருகினாராம்.

இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பதுண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுக்குப் பாட்டு ரசனையா என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறுதல் வார்த்தை எதுவும் உள்ளே இறங்காத நேரத்தில், நல்ல சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வழி. வேறு மாதிரி அழ அவருக்குத் தெரியாது. கவிமணிக்கும் இதைவிடப் பெரிய பதில் எது கிடைத்திருக்க முடியும்?

1954-ஆம் வருஷம் பிப்ரவரி 16-இல் குற்றாலத்தில் டி.கே.சி. மறைந்தார். செப்டம்பரில் கவிமணி. டிசம்பர் 5-இல் கல்கி. ஒரே வருஷத்தில் எத்தனை மேசைகள் காலி என்று பாருங்கள்.

பதில் எழுதுகிற பழக்கம் மட்டும் தாமிரபரணிக் கரையை விட்டுப் போகவில்லை. கி.ரா.வே வாசகர்களுக்கெல்லாம் நைனாவாகி, தமக்கு வந்த கடிதங்களைப் பொக்கிஷமாக வைத்துக் காத்தார். திருநெல்வேலி டவுணில் சுடலைமாடன் கோவில் தெருவிலிருந்து தி.க. சிவசங்கரன் போட்ட கார்டுகள் தனி இலக்கியம். யாரோ ஒரு புதுப் பையன் ஏதோ ஒரு சிறுபத்திரிகையின் பின்பக்கத்தில் ஒரு கதை எழுதியிருப்பான். அவன் அம்மாகூட அதைப் படித்திருக்க மாட்டாள். தி.க.சி.யிடமிருந்து கார்டு வந்துவிடும். 2014-இல் அவர் காலமான பிறகு, அந்தக் கார்டுகளை இன்னும் வைத்திருப்பதாகச் சொன்ன எழுத்தாளர்களைக் கூட்டினால் ஒரு மாநாடு நடத்தலாம். ஐம்பது காசுக் கார்டில் இடம் கொஞ்சம். புகழ்ச்சியைக் குறைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாக வேண்டும். இடம் இல்லாமையும் ஓர் ஆசிரியர்தான். அவர் மகன் வண்ணதாசனின் கடிதங்கள் வேறு விதம். அவை நின்று நிதானித்து, வாசலில் கிடக்கும் பூவைக்கூட விசாரித்துவிட்டு வருபவை. அவற்றின் தொகுப்புக்கு ‘எல்லோருக்கும் அன்புடன்’ என்று பெயர். எல்லோருக்கும் என்று பெயர் வைத்திருந்தாலும் ஒவ்வொன்றும் ஒருவருக்கு மட்டும் எழுதப்பட்டது என்பது படித்தால் தெரியும்.

இதையெல்லாம்விடப் பழைய பதில் ஒன்றும் இந்தப் பக்கத்தில் உண்டு. குற்றாலத்திலிருந்து மேலகரம் வழியாகத் தென்காசிக்குள் வந்தால் காசி விசுவநாதர் கோயில். பதினைந்தாம் நூற்றாண்டில் அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் கல்லில் ஒரு பாட்டு வெட்டி வைத்திருக்கிறான். சாதாரணமாக ராஜாக்களின் கல்வெட்டு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். வென்ற நாடு, கொடுத்த நிலம், தர்மத்தைக் கெடுத்தவனுக்குச் சாபம். இவன் சாபத்தைப் பக்கத்தில் சேர்க்காமல் வேறொன்று சொல்கிறான். வரக்கூடாத குறை ஏதாவது இந்தக் கோயிலுக்கு வந்துவிட்டால், அப்போது வந்து அதைச் சரிசெய்து காப்பவர் எவராக இருந்தாலும், உலகம் அறிய அவரை நான் இப்போதே பணிகிறேன் என்கிறான்.

எவராக இருந்தாலும் என்று சாதி, குலம், பதவி எதையும் கேட்காமல் விட்டதைக் கவனியுங்கள். உலகம் அறிய என்று சேர்த்ததைக் கவனியுங்கள். தனியாக, யாருக்கும் தெரியாமல் கும்பிட்டுவிட்டுப் போகிற பணிவு அவனுக்குப் போதவில்லை. பிறகு, தன் பெயரை அவன் எங்கே வைத்தான் என்று பாருங்கள். மெய்க்கீர்த்தியில் பட்டங்களோடு முன்னால் வர வேண்டிய பெயர், இங்கே பணிந்தேன் என்பதற்கும் பின்னால், பாட்டின் கடைசியில், கடிதத்தில் கையெழுத்துப் போட்டாற்போல நிற்கிறது. பிறக்காத ஒருவனுக்கு ராஜா தானாக முந்திக்கொண்டு எழுதிய கடிதம் இது. ரசிகன் இன்னும் எழுதவே இல்லை, நாயகனின் பதில் தயாராக இருக்கிறது.

குறை வரத்தான் செய்தது. டி.கே.சி. இருந்த காலத்தில் அந்த ராஜகோபுரம் சிதைந்துதான் நின்றது. பிறகு ஒன்பது நிலைக் கோபுரத்தை எழுப்பி, 1990-இல் குடமுழுக்கு நடத்தினார்கள். கடிதம் எழுதி ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து பதில் போகக் கொஞ்சம் தாமதம்தான்.